மாடிக்கு இணையம்: மின்கம்பி போதுமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டின் தரைத்தளத்தில் விசைத்தறிக் கூடமும் அதை ஒட்டிய கணக்கு அறையும் உள்ளன. முதல் தளத்தில் குடியிருக்கிறோம். இரண்டாம் தளத்து அறையில் மகள் இணையவழியில் படிக்கிறாள். ஃபைபர் இணைப்பின் ரௌட்டர் கணக்கு அறையில் இருப்பதால் முதல் தளத்தில் வைஃபை தடுமாறுகிறது. இரண்டாம் தளத்தை எட்டுவதே இல்லை. வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தை மேலே கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடியைக் கடைக்காரர் காட்டினார். பெட்டியில் 1000 மெகாபிட் என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கலாமா? தறிக்கும் வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.
— வாசகர், அம்மாபேட்டை

பதில்: போகிற போக்கில் நீங்கள் கடைசியாகச் சொன்ன தனி மீட்டர்தான் இதில் முதலில் கவனிக்க வேண்டிய செய்தி. ரௌட்டர் இப்போதுள்ள இடத்திலேயே இருக்கப் போகிறது என்றால், அடாப்டரை வாங்க வேண்டாம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் கம்பியில் வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்டது. அதே கம்பியின் மீது, 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களில் தரவை ஏற்றி அனுப்புவதும், மறுமுனையில் அதைப் பிரித்தெடுப்பதும்தான் அடாப்டரின் வேலை. துணைமின் நிலையங்கள் உயர் அழுத்தக் கம்பி வழியாகவே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளதால், கருத்து புதிதன்று. ஆனால் இந்த மெல்லிய சமிக்ஞைக்கு நேரான, குறுகிய பாதை வேண்டும். உங்கள் வீட்டிலோ, அது கணக்கு அறையின் ப்ளக் பாயிண்ட்டிலிருந்து தறிக்கூடத்து போர்டுக்கு வந்து, ஒரு மீட்டரைக் கடந்து, தெருவிலிருந்து வரும் சர்வீஸ் கம்பியைத் தொட்டு, இன்னொரு மீட்டருக்குள் நுழைந்து, பிறகு இரண்டு மாடி ஏற வேண்டும். தறிக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்து, கணக்கு அறையும் மாடியும் வெவ்வேறு ஃபேஸில் அமைந்துவிட்டால் சமிக்ஞை இன்னும் தேய்ந்துபோகும். இவ்வளவையும் தாண்டி ஏதோ கொஞ்சம் வந்து சேர்ந்தாலும், தறி மோட்டார்கள் எழுப்பும் மின் இரைச்சல் அதை விழுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும்போது சோதித்துப் பார்த்து மகிழ்ந்துவிட்டுத் திங்கட்கிழமை ஏமாறுவதற்கே இந்த ஏற்பாடு உதவும்!

அடாப்டரையே வெறுக்க வேண்டியதில்லை, இடத்தை மாற்றுங்கள். இணைய நிறுவனத்தாரிடம் சொல்லி, ஃபைபர் கம்பியை முதல் தளத்துக்கு நீட்டி, ரௌட்டரை அங்கே வைக்கச் சொல்லுங்கள். முதல் தளத்தில் வைஃபை உடனே சரியாகிவிடும். கணக்கு அறையில் ஒரு செல்பேசிக்கு வேண்டிய அளவு, ஒரே ஒரு கான்கிரீட் தளத்தைத் தாண்டிப் பெரும்பாலும் கீழே கிடைத்துவிடும், ரௌட்டரில் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பட்டைகளும் இருந்தால், கீழே உள்ளவர்கள் 2.4-ஐப் பயன்படுத்தட்டும், ஏனெனில் தடிப்பான தளத்தை ஊடுருவுவதில் அதுவே மேல். முதல் தளமும் இரண்டாம் தளமும் ஒரே மீட்டரில், ஒரே ஃபேஸில் இருப்பதை எலக்ட்ரீஷியனை வைத்து உறுதிசெய்துகொண்டால், அந்த இரண்டு தளங்களுக்கு இடையே அடாப்டர் ஒழுங்காக வேலை செய்ய நல்ல வாய்ப்பு உண்டு. மேலே வைப்பது வைஃபை வசதியும் சேர்ந்த அடாப்டராக இருக்கட்டும்.

பெட்டியில் உள்ள 1000 என்ற எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது கம்பியின் மீது ஏட்டளவில் சாத்தியமான மொத்த வேகம். கணினிக்கு வந்து சேர்வது அதில் சிறு பங்கே. 600 என்று அச்சிட்ட சில அடாப்டர்களில் கேபிள் செருகும் துளையே 100 மெகாபிட்டுக்கு மேல் தராது. வகுப்புக்கு அதுவே தாராளம் என்பது வேறு விஷயம்.

அடாப்டரைச் சுவரில் உள்ள ப்ளக் பாயிண்ட்டில்தான் நேரடியாகச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர், யுபிஎஸ் ஆகியவை சமிக்ஞையைக் கெடுத்துவிடும். பக்கத்திலேயே செல்பேசி சார்ஜரையும் செருகாதீர்கள். இரண்டு அடாப்டர்களையும் இணைக்கும் பொத்தானை அழுத்தி ஜோடி சேர்க்க மறக்க வேண்டாம். பிறர் படிக்க முடியாதபடி தரவு மறையாக்கம் செய்யப்படுவதும் அண்டை வீட்டு அடாப்டரோடு கலக்காமல் இருப்பதும் அதனால்தான். ரௌட்டர் இன்வெர்ட்டர் பாயிண்ட்டில் இருந்தால் இரண்டு அடாப்டர்களும் இன்வெர்ட்டர் பாயிண்ட்டிலேயே இருக்க வேண்டும். இல்லையெனில் கரண்ட் போன நொடியில் வகுப்பும் போய்விடும்.

இவை எதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், டிஷ் கம்பி இறங்கும் குழாய் வழியாக ரௌட்டரிலிருந்து ஒரு கேட்-6 (இணையத்துக்கான செம்புக் கம்பி) கேபிளை மேலே இழுத்து, முனையில் ஓர் அக்சஸ் பாயிண்ட் (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவி) வையுங்கள். 100 மீட்டர் வரை அந்தக் கேபிள் தாங்கும். என் வீடாக இருந்தால் நான் இதைத்தான் செய்திருப்பேன்.

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் பழைய தோட்ட பங்களாவின் கல் சுவர்களை வைஃபை தாண்டுவதில்லை. சற்றுத் தள்ளியிருக்கும் விருந்தினர் குடிலுக்கும் பங்களாவிலிருந்தே மின்சாரம் போகிறது. அடாப்டர் உதவுமா? இடி மின்னலை நினைத்தால் தயக்கமாக உள்ளது.
— வாசகர், ஏற்காடு

பதில்: ஒரே மீட்டர், கனத்த சுவர், அடாப்டருக்கு ஏற்ற வீடு உங்களுடையது. பழைய வயரிங்கில் எர்த் கம்பி இல்லாவிட்டாலும் ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டிலேயே அது ஓடும். வேகம் மட்டும் குறையலாம். ஆயினும் எர்த் இல்லாத வீட்டில் முதலில் சரிசெய்ய வேண்டியது இணையம் அன்று. உங்கள் தயக்கம் நியாயமானதே. கோடை மழையோடு இடி இறங்கும்போது அடாப்டரைக் கழற்றிவிடுவதே வழி. வெட்டவெளியில் செம்புக் கேபிள் இழுத்தாலும் இதே ஆபத்து உண்டு. குடிலுக்கு நிரந்தர ஏற்பாடு வேண்டுமானால், உலோகக் கம்பி சேராத ஃபைபரைப் புதைகுழாயில் கொண்டுசெல்லுங்கள். மின்னலின் அதிர்ச்சியை அது கடத்துவதில்லை.