உலகத் தரவரிசையில் எங்கட கம்பஸ் ஏன் இவ்வளவு பின்னுக்கு நிக்குது?

ஏ லெவல் முடிச்சு, இலங்கையில் எந்தக் கம்பஸைப் போடுவது என்ற யோசனையில் கேட்டிருக்கிறீங்கள் போல. பிள்ளைகளின் மூளையைக் குறை சொல்ல முன்னம், பட்டியல் எதை எண்ணுது என்று பாருங்கோ. கியூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் கல்வியாளர் மத்தியில் உள்ள பெயருக்கு 30 வீதம், வேலை தருபவர்களின் மதிப்புக்கு 15, ஓர் ஆசிரியருக்கு எத்தனை மேற்கோள் (அவரின் ஆய்வை மற்றக் கட்டுரைகள் எடுத்துக்காட்டுவது) என்பதற்கு 20, ஆசிரியர்-மாணவர் விகிதத்துக்கு 10. விரிவுரை எப்படி நடக்குது என்று ஒருத்தரும் பின்வாங்கில் வந்து இருந்து பார்க்கிறதில்லை.

மேற்கோளை ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் இருந்து எடுப்பினம்: 5 வருடக் கட்டுரைகள், அவற்றுக்கு 6 வருடத்தில் விழுந்த மேற்கோள்கள், சுயமேற்கோள் கழித்து. ஸ்கோபஸ் சேர்க்காத சஞ்சிகையில் வந்த தமிழ் ஆய்வு எவ்வளவு ஆழமானாலும் பூச்சியம்தான். சேர்த்த சஞ்சிகையில் வந்தும் நட்டப்படலாம். முகவரி வரியில் பீடத்தின் பெயரையோ ஆஸ்பத்திரியின் பெயரையோ மட்டும் போட்டால் கட்டுரை கம்பஸின் கணக்கில் ஏறாமல் போகும். பல்கலைக்கழகத்தின் முழுப்பெயரை எப்பவும் ஒரே எழுத்தில் போடவேணும், ஓர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள இலக்கம் சேர்க்கவேணும், ஸ்கோபஸில் ஒருவர் பெயரில் இரண்டு பக்கம் கிடந்தால் இணைக்கச் சொல்லி எழுதவேணும். காசு செலவில்லாத வேலை, ஆனாலும் செய்ய ஆளில்லை. ரியூட்டரிக்காரர் பிளெக்ஸ் அடிக்கிற கவனத்தில் காற்பங்கு போதும்.

பெரிய ஓட்டை வேற இடத்தில். தகுதிகாண் விரிவுரையாளர் (இன்னும் நிரந்தரமாகாதவர்), திரும்பி வராட்டில் பணம் கட்டுவன் என்று பிணை எழுதிக் கொடுத்து, சம்பளத்தோட விடுமுறையில் கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போவார். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதத்தில் 360ஐத் தொட்டது. ரூபாயில் எழுதின பிணைப்பணம், டொலரில் உழைக்கிறவருக்குக் கிட்டத்தட்டப் பாதியாய்ச் சுருங்கிப்போச்சு. அந்தப் பணத்தைக் கட்டிப்போட்டு அங்கேயே நிற்பது லேசு. வெற்றிடத்தை நிரப்பத் திறைசேரி அனுமதி வரவேணும். அதுவரைக்கும் வருகைதரு விரிவுரையாளர் மணித்தியாலக் கணக்கில் வந்து போவார், அவர் எங்க ஆய்வு செய்யிறது?

மாவட்ட ஒதுக்கீட்டால்தான் தரம் விழுந்தது என்று கீழே எழுத வருவினம். பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 மாவட்டம், 5 பின்தங்கிய மாவட்டங்கள். உள்ளுக்கு ஆர் வருவது என்பதை அது தீர்மானிக்கும். கியூஎஸ் அதை எண்ணுறதே இல்லை.

நீங்கள் தரவரிசையை விடுங்கோ. சேர விரும்புற துறையின் இணையப் பக்கத்தில் ஆசிரியர் பட்டியலைத் திறந்து, ஆர் ஆர் கல்வி விடுமுறையில் என்று கேட்டு, அந்தப் பெயர்களைக் கழிச்சு எண்ணுங்கோ. மிச்சம் இருக்கிறவைதான் உங்களுக்குப் படிப்பிப்பினம்.