சென்னைக்கென்று ஒரு படவங்கி

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் கல்யாண போட்டோகிராஃபராக இருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கேமராவை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவது பழக்கம். ராயபுரம், காசிமேடு, மின்ட், மெரினா என்று ஏகப்பட்ட படங்கள் சேர்ந்துவிட்டன. கல்யாண வீடுகளில் எடுத்த மாக்கோலம், பந்தி, நாதஸ்வரப் படங்களும் நிறைய உண்டு. படம் விற்கும் வெளிநாட்டு ஸ்டாக் தளங்களில் கொஞ்சம் போட்டுப் பார்த்தேன். ஒரு டவுன்லோடுக்கு வரும் காசு டீ குடிக்கக்கூடப் பற்றவில்லை. சென்னைப் படங்களை மட்டும் விற்பவர் என்பதால் உங்களைக் கேட்கிறேன். ஒரே ஊரை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலில் நிற்க முடியுமா? இலவசப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஏஐ வேறு வந்துவிட்டது. தெருவில் எடுத்த மனிதர்களின் படங்களை விற்கலாமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அன்புடன்,
பெரம்பூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தொடங்குங்கள். ஆனால் கல்யாண வேலையை விட்டுவிடாதீர்கள். இதில் வருமானம் மெதுவாகத்தான் ஏறும். முதல் சில ஆண்டுகள் முகூர்த்தக் காசுதான் வீட்டை நடத்தும்.

அந்தக் கல்யாணப் படங்களை மட்டும் இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லையென்றால், அவரே முதல் பதிப்புரிமையாளர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மெமரி கார்டு நம்மிடம் இருப்பதால் உரிமையும் நமக்குத்தான் என்று நம் தொழிலில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மாக்கோலமும் பந்தி இலையும் கல்யாண வீட்டாருடையவை. இனி புக்கிங் எடுக்கும்போதே, பதிப்புரிமை போட்டோகிராஃபருக்கு, முகம் தெரியாத படங்களை வேறு இடங்களிலும் விற்கலாம் என்று ரசீதில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழைய படங்களில் விட மனமில்லாதவை இருந்தால் அந்தக் குடும்பத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். கேட்டால் கொடுப்பவர்கள்தான் அதிகம். நீங்களாக ஊர் சுற்றி எடுத்தவை முழுக்க உங்களுடையவை. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு அந்த உரிமை இருக்கும்.

ஒரே ஊரை வைத்துக்கொண்டு நிற்க முடியுமா என்கிறீர்கள். ஒரே ஊர் என்பதால்தான் எங்களால் நிற்க முடிகிறது. சென்ட்ரல், எல்ஐசி கட்டடம், மெரினா சூரிய உதயம், கபாலீசுவரர் கோபுரம் எல்லாம் எல்லாரிடமும் இருக்கின்றன; இலவசமாகவே கிடைக்கின்றன. எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அவற்றை நம்பி இறங்காதீர்கள். எங்களிடம் வருபவர்கள் கேட்பது வேறு. மெட்ரோ வாட்டர் லாரியைச் சுற்றி நிற்கும் குடங்கள், ரேஷன் கடை வரிசை, தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதை, மாநகராட்சிப் பள்ளி வாசல், மீன்பாடி வண்டி, பறக்கும் ரயில் பாதையை ஒட்டிய வீடுகள். பாடநூல் போடும் பதிப்பகத்துக்கும், குடிநீர் பற்றி அறிக்கை எழுதும் தொண்டு நிறுவனத்துக்கும், சொந்தமாக போட்டோகிராஃபர் இல்லாத இணைய இதழுக்கும் இவைதான் வேண்டும். பெரிய தளங்களில் தேடினால் வேறு ஏதோ ஊரின் தெரு வந்து நிற்கிறது.

ஊரின் நாட்காட்டியை வைத்து வேலையைத் திட்டமிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். வலை சீர் செய்வார்கள், படகுக்கு வர்ணம் பூசுவார்கள். ஆண்டுதோறும் அந்தச் செய்தி வரும், ஆண்டுதோறும் படம் கேட்பார்கள். விநாயகர் சதுர்த்திக்கு முன் கொசப்பேட்டைக் களிமண் பிள்ளையார்கள், தீபாவளிக்கு முன் ரங்கநாதன் தெரு, பொங்கலுக்கு முன் கோயம்பேட்டுக் கரும்பு என்று இதற்கு முடிவே கிடையாது. விளம்பர ஏஜென்சிக்காரர்கள் பண்டிகைக்கு வெகு முன்பே தேடத் தொடங்கிவிடுவதால், இந்தப் பொங்கலில் நீங்கள் எடுப்பது அடுத்த பொங்கலுக்குத்தான் விற்கும். கட்டடங்களை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் கழுவி விட்டாற்போல் இருக்கும் ஜனவரியில் எடுங்கள். கடற்கரைச் சாலைக் கட்டடங்கள் கிழக்கு பார்த்தவை; காலையிலேயே போய்விட்டால்தான் முகப்பில் வெயில் கிடைக்கும்.

இனி, இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் வேலைக்கு வருகிறேன். கேப்ஷன் எழுதுவது. ‘சென்னையில் ஒரு தெரு’ என்று எழுதிய படம் யாருக்கும் உதவாது. எந்தத் தெரு, எந்த முனையில் நின்று எந்தத் திசை பார்த்து எடுத்தது, என்ன தேதி, அங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எழுத வேண்டும். ‘பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மாலை’ என்று ஆண்டோடு எழுதினால் அதற்கு வாங்குபவர் உண்டு. ஃபைலுக்குள்ளேயே இருக்கும் ஐபிடிசி தகவல் பகுதியில் அதை எழுதிவிடுங்கள். படம் எங்கே போனாலும் விவரமும் கூடவே போகும். கீவேர்டில் திருவல்லிக்கேணியும் வேண்டும், ட்ரிப்ளிகேனும் வேண்டும். சென்ட்ரலுக்கு 2019இல் எம்.ஜி.ஆர் பெயர் வந்தது. பழைய பெயரில் தேடுபவருக்கும் புதுப் பெயரில் தேடுபவருக்கும் படம் கிடைக்க வேண்டும்.

தேதியை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இந்த ஊர் மாறும் வேகம். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அதற்காக லஸ், பனகல் பார்க் பக்கமெல்லாம் சாலையின் முகமே மாறிப்போனது. மாதத்தைத் தவறாக எழுதினால் படம் பொய் சொல்லும். மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டு, அங்கே 2010இல் செம்மொழிப் பூங்கா வந்தது. காரில் உட்கார்ந்தபடி அங்கே டிபன் சாப்பிட்ட காட்சியை இன்று எவ்வளவு பெரிய ஏஜென்சி நினைத்தாலும் எடுக்க முடியாது. அன்று எடுத்து வைத்தவரிடம்தான் போக வேண்டும். இன்று யாரும் சட்டை செய்யாத எஸ்டிடி பூத் போர்டையும், தெருமுனை இஸ்திரி வண்டியையும் அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன். எடுத்தவற்றின் ஒரு பிரதியை வேறொரு வீட்டில், மாடியில் வையுங்கள். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்ட ஊர் இது.

மனிதர்களின் படம் பற்றிக் கேட்டீர்கள். செய்திக்கும் கட்டுரைக்கும் பாடநூலுக்கும் கொடுப்பது வேறு, விளம்பரத்துக்குக் கொடுப்பது வேறு. ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது நம் ஊரிலிருந்து போன வழக்குதான்: ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, நக்கீரன் வழக்கு. ஆகவே முகம் அடையாளம் தெரிகிற எந்தப் படத்தையும், கையெழுத்திட்ட சம்மதப் படிவம் இல்லாவிட்டால், ‘எடிட்டோரியல் மட்டும்’, அதாவது விளம்பரத்துக்கு அல்ல என்று குறித்துவிடுங்கள். படிவம் தமிழில் ஒரே பக்கமாக இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோர் கையெழுத்து. பூக்கார அம்மாவின் முகம் ஒரு வங்கியின் கடன் விளம்பரத்தில் பஸ் ஸ்டாப் அளவுக்குப் பெரிதாக வரப்போகிறது என்றால், அது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அதில் அவருக்கும் ஒரு பங்கு போக வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும் இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சிலைக்கும் சுவரோவியத்துக்கும் உள்ள வேறுபாடும் முக்கியம். மெரினாவில் நிரந்தரமாக நிற்கும் உழைப்பாளர் சிலையைப் படமெடுத்து வெளியிடச் சட்டம் இடம் தருகிறது. கண்ணகி நகர்ச் சுவர்களில் இருக்கும் ஓவியங்களுக்கு அந்த விலக்கு இல்லை. ஓவியமே படத்தின் பொருளாக இருந்தால் வரைந்தவரிடம் கேட்க வேண்டும்.

படத்தைப் பயன்படுத்திக்கொள்ள லைசென்ஸ் எழுதிக் கொடுக்கும்போது காலமும் எல்லையும் கட்டாயம் போடுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஒரு தெருமுனை பேக்கரியின் மெனு கார்டுக்குக் கொடுத்த ரேட்டில் அவ்வளவையும் கொடுத்துவிட வேண்டியதில்லை.

ஏஐ பற்றி. ஆட்டோ, பூக்கடை, தமிழ்ப் பலகை எல்லாம் கொண்ட ஒரு தெருவை அது உருவாக்கித் தரும். பலகையில் எழுத்து பிசகினாலும் நாளை சரியாகிவிடும். காலண்டருக்கும் டீத்தூள் விளம்பரத்துக்கும் அது போதும். அந்த வியாபாரம் கொஞ்சம் நம் கையை விட்டுப் போகத்தான் செய்யும். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற பெண்களின் வரிசை, நின்றது நின்றபடி வேண்டும் என்பவர்கள் நம்மிடம்தான் வந்தாக வேண்டும். அதை நம்பித்தான் இன்னமும் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போகிறேன்.

தென்சென்னைப் படங்கள் எங்களிடம் ஏராளம், வடசென்னை குறைவு. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம், வியாசர்பாடி கேரம் கிளப்புகள், ஷிஃப்ட் முடிந்து ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை வாசலில் வெளியே வரும் கூட்டம் எல்லாம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மெரினாவை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துப் படங்களுக்கு முதலில் கேப்ஷன் எழுதி முடியுங்கள். நாங்கள் பயன்படுத்தும் தமிழ்ச் சம்மதப் படிவத்தை உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பியிருக்கிறேன். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.