பரிசு விழுந்தது, கையில் என்ன வந்தது? – கேள்வி பதில்

இராமநாதபுரத்தில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். நுகர்வோர் புகார் மனுக்களும் எழுதித் தருகிறேன். தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்க்காரர்கள் பரிசு, குலுக்கல், கூப்பன் என்று கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பரிசு விழுந்தும் ஏமாந்தவரைப் பார்த்து "ஓசிக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்" என்று பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. பரிசு தருகிறேன் என்று அறிவித்தவர் சொன்னபடி தர வேண்டும். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாம்பன், விசைப்படகுத் தொழிலாளி: அண்ணே, ஒரு கம்பெனி வைத்த வாசகப் போட்டியில் எனக்கு ஸ்கூட்டர் விழுந்திருக்கிறது. விலை 1,10,000 ரூபாயாம். வண்டியைக் கொடுக்கும் முன் 33,000 ரூபாய் வரி கட்டச் சொல்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம், கையில் காசு இல்லை. இது ஏமாற்று வேலையா?

தம்பி, "பரிசுக்கு முன்பணம் கேட்டால் மோசடி" என்று எல்லோரும் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் பொருளாக வரும் பரிசில் உண்மையான கம்பெனியும் முதலில் பணம் கேட்கும். 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுக்கு 30 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தர வேண்டும் என்பது சட்டம். பணமாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் முப்பது சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதே? அதனால் வரி கட்டப்பட்டது உறுதியான பிறகே பொருளைக் கையில் கொடுக்க வேண்டும். சில கம்பெனிகள் அந்த வரியைத் தாங்களே ஏற்றுக்கொள்ளும். உங்கள் கம்பெனி ஏற்கவில்லை.

உண்மையா பொய்யா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உண்மையான கம்பெனி உங்கள் பான் எண்ணைக் கேட்கும். பணத்தைக் கம்பெனி பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வாங்கும். அப்புறம் அந்த வரி உங்கள் பான் கணக்கின் வரிப்பிடித்தப் பதிவில் ஏறும், வரி பிடித்ததற்கான சான்றிதழும் தருவார்கள். ஒரு தனி ஆளின் செல்போன் எண்ணுக்கு ஜிபே பண்ணச் சொன்னால், அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. 33,000 கட்டுகிறீர்கள். அந்த வரியின் மேல் 4 சதவீதம் செஸ், அதாவது 1,320 ரூபாய், கணக்குத் தாக்கல் செய்யும்போது வரும். "எனக்கு வேறு வருமானமே இல்லையே, திரும்பி வராதா?" என்று அடுத்து கேட்பீர்கள். வராது. சம்பளத்துக்கும் தொழிலுக்கும் உள்ள வரிவிலக்கு வரம்பு பரிசுக்குக் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். கடலுக்குப் போகாத மாதத்தில் இருப்பவருக்கும் கோடீஸ்வரருக்கும் ஒரே விகிதம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் இன்றைய சட்டம் அதுதான். பதிவு, சாலை வரி, இன்சூரன்ஸ் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். பல நிபந்தனைத் தாள்களில் அது பரிசு பெற்றவர் தலையில்தான் விழுகிறது. 1,10,000 என்ற விலை எப்படி வந்தது என்றும் கேளுங்கள். ஷோரூமில் அதே வண்டி குறைவாகக் கிடைத்தால், கூடுதல் விலைக்கு வரி கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

வட்டிக்கு வாங்கி இதைக் கட்டாதீர்கள். வண்டிக்குப் பதில் பணமாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

சின்னப்பாலம், பாசி எடுக்கும் சகோதரி: வாரம் 100 ரூபாய் கட்டும் குலுக்கல் சீட்டில் சேர்ந்தேன். சீக்கிரமே பேர் விழுந்து பீரோ வந்தது, இனி கட்ட வேண்டாம் என்றார்கள். சந்தோஷப்பட்டேன். ஆனால் பீரோ ஒரு மழைக்குத் தாங்கவில்லை.

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கதவின் கீழ் மடிப்பில் பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருக்கிறது, அதை நகத்தால் தட்டினால் துரு உதிரும். தகடு மெல்லியது, மடிப்புக்குள் பிரைமர் ஓடவில்லை. இரண்டு பக்கமும் உப்புக்காற்று அடிக்கும் தீவில் அப்படிப்பட்ட தகடு நிற்காது. கடையில் காட்டிய பீரோவும் வீட்டுக்கு வந்த பீரோவும் ஒன்றா என்று பக்கத்து வீட்டாரிடமும் விசாரியுங்கள். தகட்டின் கேஜ், அதாவது தடிமன், வேறாக இருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. வாரா வாரம் எல்லோரிடமும் பணம் வாங்கி, குலுக்கலில் பேர் விழுந்தவர் இனி கட்ட வேண்டாம் என்று நிறுத்தும் திட்டத்தை 1978-லேயே மத்திய சட்டம் தடை செய்துவிட்டது. பரிசுச் சீட்டுத் தடைச் சட்டம் என்பார்கள். உங்கள் பீரோவுக்கு மீதிப் பணம் கட்டியது யார்? கடைசி வரை பேர் விழாமல் காத்திருக்கும் அக்கம்பக்கத்துப் பெண்கள்தான். அவர்களுக்குக் கடைசியில் பொருள் வருமா என்பதுதான் என் கவலை. கட்டிய அட்டைகளை எல்லோரும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு நடத்துபவர் இழுத்தடித்தால் சேர்ந்து போய் மாவட்டக் காவல் அலுவலகத்தில் மனு கொடுங்கள். அந்தச் சட்டம் உறுப்பினராகச் சேர்வதையும் தடுக்கிறது, அதனால் மனு கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்டபம், ஆசிரியை: பொருட்காட்சியில் கூப்பன் எழுதிப் போட்டேன். "3 நாள் 2 இரவு சுற்றுலா பரிசு, கணவரோடு மதுரை ஹோட்டலுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று போன் வந்தது. போனோம். மூன்று மணி நேரம் பேசி, ஒரு சுற்றுலா மெம்பர்ஷிப்புக்கு என் கார்டில் முன்பணம் எடுத்துவிட்டார்கள். பரிசுக்கு இன்றுவரை தேதி கிடைக்கவில்லை.

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அரசு ஊழியர், ஆசிரியர், வெளிநாட்டில் கணவர் இருக்கும் குடும்பம் என்று பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அங்கே குலுக்கல் என்று ஒன்று நடந்ததா என்பதே சந்தேகம். கூப்பன் எழுதிப் போட்ட அத்தனை பேருக்கும் "பரிசு" விழும், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது உங்கள் போன் நம்பர்.

தம்பதியாக வரச் சொல்வது ஏன் என்று யோசித்தீர்களா? ஒருவர் மட்டும் போனால் "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடலாம். அந்த வாசலை அடைக்கத்தான் இருவரையும் சேர்த்துக் கூப்பிடுவது. "இன்று கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை" என்பார்கள். நடுவில் ஒரு மேசையில் கைதட்டல் கேட்கும், "அந்தக் குடும்பம் சேர்ந்துவிட்டது" என்பார்கள். படித்தவர்களும் இதில் விழுகிறார்கள் டீச்சர். அசதியில் கையெழுத்துப் போட வைப்பதற்காகவே அந்த மூன்று மணி நேரம்.

பரிசுக் கூப்பனின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் வைத்துப் படியுங்கள். சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை, பண்டிகை நாள் கிடையாது. சாப்பாடு அங்கேயே காசு கொடுத்து வாங்க வேண்டும். போக்குவரத்து உங்கள் செலவு. அறை இருந்தால்தான் உண்டு. இப்படித்தான் இருக்கும். பள்ளி வேலை நாளில் ஆசிரியை எப்படி சுற்றுலா போவது? யாரும் போக முடியாதபடி எழுதப்பட்ட பரிசு அது.

முன்பணத்தைத்தான் முதலில் மீட்க வேண்டும். ஒப்பந்தத்தில் ரத்து செய்ய எத்தனை நாள் என்று பாருங்கள். நாள் இருந்தாலும் கடந்திருந்தாலும் இன்றே "உறுப்பினர் சேர்க்கையை ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்புங்கள்" என்று மின்னஞ்சலும், டெலிவரி ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட் கடிதமும் அனுப்புங்கள். கார்டு கொடுத்த வங்கிக்கு எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். மீதித் தொகையைத் தவணைக் கடனாக மாற்றியிருந்தால் கடன் கொடுத்தவருக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மதுரைக்கு அலைய வேண்டாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். தருவதாகச் சொன்ன பரிசைத் தரும் எண்ணமே இல்லாமல் அறிவிப்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உங்கள் மனுவில் அந்த வாசகம் கட்டாயம் இருக்கட்டும்.

இராமேஸ்வரம்: தபாலில் சுரண்டும் அட்டை வந்தது, 12 லட்ச ரூபாய் கார். பதிவுக் கட்டணம் 6,500 கேட்கிறார்கள்.

கட்டாதீர்கள். கட்டிவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். அழைப்பு சீக்கிரம் போனால்தான் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

கீழக்கரை: துபாயில் ஒரு ரூமில் இருக்கும் பத்துப் பேர் சேர்ந்து லாட்டரி டிக்கெட் எடுத்தார்கள், ஊரிலிருந்து நானும் பணம் அனுப்பிப் பங்கு சேர்ந்தேன். பரிசு விழுந்ததும் டிக்கெட் பேருக்குரியவர் என் பங்கு கணக்கில் இல்லை என்கிறார். வந்தால் இங்கே வரி உண்டா?

காக்கா (கீழக்கரைப் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), மனசு கசந்து எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் உங்களுக்கு இதமான பதில் என்னிடம் இல்லை. இந்தியாவிலிருந்து வெளிநாட்டு லாட்டரி டிக்கெட்டுக்குப் பணம் அனுப்புவதே தடை. 2000-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி விதிகளில் தடைப் பட்டியலில் லாட்டரியும் குலுக்கல் பரிசும் இருக்கின்றன. அதனால் "நான் பணம் அனுப்பினேன்" என்று நீதிமன்றத்தில் நிற்பது உங்களுக்கே இடைஞ்சல். ஜமாத்தில் பெரியவர்களை வைத்துப் பேசிப் பாருங்கள்.

வரி விஷயம்: அங்கேயே வேலை பார்த்து, வருமான வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசியாக இருப்பவர் அங்கே வாங்கிய பரிசுக்கு இங்கே வரி இல்லை. அந்த ஆண்டில் அதே சட்டப்படி இந்தியாவில் சாதாரணமாகக் குடியிருப்பவர் என்று ஆகிவிட்டவர் என்றால் 30 சதவீதம் உண்டு. பரிசு பெற்றவர் தன் பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ கொடுத்தால் வாங்கியவருக்கு வரி இல்லை. உறவு அல்லாத ஒருவர் ஊரில் இருந்துகொண்டு ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வாங்கினால், அது அவருடைய வருமானத்தில் சேரும். அதனால் அங்கே பங்கு போடுகிறவர்கள் டிக்கெட் எடுத்த அன்றே பத்துப் பேர் பேரையும் தொகையையும் எழுதி, டிக்கெட் எண்ணோடு எல்லோர் வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள். குலுக்கலுக்கு முந்தைய தேதியில் அது இருப்பதுதான் முக்கியம்.

மூக்கையூர்: கேரளாவில் போட்டில் வேலைக்குப் போகிறேன். அங்கே லாட்டரி எடுக்கலாமா? பெரிய பரிசு விழுந்தால் கையில் எவ்வளவு?

தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரி இல்லை. கேரளாவில் அரசே நடத்துகிறது, அங்கே போய் எடுப்பதில் குற்றமில்லை. தாளாக விற்பது மட்டுமே உண்மையான டிக்கெட். ஊரில் வாட்ஸ்அப்பில் வரும் "கேரளா லாட்டரி" எதையும் தொடாதீர்கள்.

2022 திருவோணம் பம்பரில் முதல் பரிசு 25 கோடி. விற்ற ஏஜென்டுக்கு 10 சதவீதம் போனால் 22.5 கோடி. அதில் 30 சதவீத வரி 6.75 கோடி. மிச்சம் 15.75 கோடி. பெரிய வருமானத்துக்கு வரியின் மேல் போடும் சர்சார்ஜும், செஸ்ஸும் இதற்கு மேல். பரிசு பெற்ற ஆட்டோ ஓட்டுநர் சில நாளிலேயே, உதவி கேட்டு வருபவர்களால் வீட்டில் இருக்க முடியவில்லை, இந்தப் பரிசு விழுந்திருக்க வேண்டாம் என்று வெளிப்படையாக வருந்தினார். உங்களுக்கு விழுந்தால் டிக்கெட்டின் பின்னால் பெயர், முகவரி, கையெழுத்து போட்டு வங்கியில் கொடுங்கள். அதுவரை படகில் ஒருவரிடமும் சொல்ல வேண்டாம்.

தொண்டி: நகைக்கடைத் திறப்பில் "தங்க நாணயம் பரிசு" என்றார்கள். அட்டைக்குள் 100 மில்லிகிராம் தகடு.

அறிவிப்பில் எடை போடவில்லை என்றால் சண்டை போட இடம் குறைவு. எடை போட்டிருந்து குறைத்தார்கள் என்றால் நோட்டீஸின் படத்தோடு 1915-க்குப் போங்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால் தங்கத்தின் மாற்று, அதாவது தூய்மை, என்ன என்பதை மட்டும் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினம்: சில விளம்பரங்களில் "தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது" என்று போடுகிறார்களே, ஏன்? என் மகன் ஒரு பிஸ்கட் பாக்கெட் அட்டையில் சைக்கிள் படம் பார்த்து, அட்டை சேர்த்து அனுப்பினான். வந்தது சாவிக்கொத்து. அழுதுகொண்டிருக்கிறான்.

பொருள் வாங்கியவர்களுக்குள் குலுக்கிப் பரிசு தருவதைத் தடுக்க 1979-இல் தமிழ்நாடு ஒரு பரிசுத் திட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதனால்தான் அந்தக் குறிப்பு. குலுக்கல் இல்லாமல் கேள்வி, வாசகம் என்று வைத்து நடத்துவதும் அதனால்தான். உங்கள் அட்டையில் அந்தக் குறிப்பு சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காசு கொடுத்து வாங்கியதால் நீங்கள் நுகர்வோர். பையன் சார்பில் நீங்கள் எழுதலாம். இப்படி எழுதுங்கள்: "உங்கள் அட்டையில் சைக்கிள் படம் பெரிதாகவும், பரிசு மாறுபடலாம் என்பது கண்ணுக்குத் தெரியாத எழுத்திலும் இருந்தது. சைக்கிள் எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், எந்தத் தேதியில், எந்த முறையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை 15 நாளில் தெரிவியுங்கள்." முடிவை மறைத்து வைப்பதும் சட்டத்தில் தவறு, அதனால் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மீதமிருக்கும் அட்டையின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இணையுங்கள், சாவிக்கொத்து வந்த கவரையும் தூக்கிப் போட வேண்டாம். பதில் வந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், அடுத்த மனுவை நானே எழுதித் தருகிறேன்.