டர்ன்அவுட்டில் ஒரே பெட்டி மட்டும் தடம் புரள்வது

வணக்கம். எச்ஓ (1:87 அளவு) மாதிரி ரயில் லேஅவுட்டில், நிஜத்தில் 40 அடி நீளமுள்ள பாக்ஸ்காரின் (மூடிய சரக்குப் பெட்டி) மாதிரி ஒன்று மட்டும் டர்ன்அவுட்டின் (தடம் பிரியும் இடம்) ஃப்ராகில், அதாவது தண்டவாளங்கள் குறுக்கே வெட்டும் முனையில், தடம் புரள்கிறது, மற்ற பெட்டிகள் ஒழுங்காகப் போகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் டர்ன்அவுட்டில் கை வைக்காதீர்கள். கோளாறு பெரும்பாலும் பெட்டியில்தான்.

முதலில் சக்கரங்களை என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாதிரி ரயில் சங்கம்) கேஜில், அதாவது அளவுகோல் தகட்டில், வைத்துப் பாருங்கள். இரு சக்கரங்களின் உட்புறங்களுக்கு நடுவே சுமார் 14.4 மி.மீ. வேண்டும். குறைந்தால் கார்டு ரெயிலிலும் (ஃப்ராகுக்கு எதிர்ப்புறம் சக்கரத்தை வழிநடத்தும் துண்டு) விங் ரெயிலிலும் (ஃப்ராகை ஒட்டிய வளைந்த துண்டு) இறுகி மேலே ஏறும். கூடினால் ஃபிளாஞ்ச் (சக்கரத்தின் உள்விளிம்பு) ஃப்ராகின் முனையில் போய் மோதும். இரண்டு சக்கரத்தையும் பிடித்து, மெல்லத் திருகிக்கொண்டே இழுத்தாலோ அழுத்தினாலோ சரியாகிவிடும். நான்கு அச்சையும் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள்.

அடுத்து டிரக் (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) திருகாணி. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஒரு டிரக் இடவலமாகத் திரும்ப மட்டும் வேண்டும். மற்றது அதோடு பக்கவாட்டில் கொஞ்சம் ஆடவும் வேண்டும். இரண்டையும் இறுக்கினால் தடத்தில் சின்ன மேடு பள்ளம் வந்தாலும் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

கப்ளரின் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) கீழே வளைந்து தொங்கும் கம்பி கார்டு ரெயிலில் உரசுகிறதா என்றும் பாருங்கள். தண்டவாளத்தின் மேல்மட்டத்திலிருந்து 0.8 மி.மீ. இடைவெளி போதும்.

கடைசியாக எடை. என்எம்ஆர்ஏ கணக்கு 28 கிராம், அதோடு அங்குலத்துக்கு 14 கிராம். உங்கள் பெட்டி ஐந்தரை அங்குலம், ஆக 105 கிராம் அளவுக்கு வர வேண்டும். எடையைப் பெட்டியின் தரையோடு ஒட்டுங்கள். ஈயக் குண்டு போடுவதானால் பிவிஏ பசை (வெள்ளை மரப்பசை) வேண்டவே வேண்டாம். நாளடைவில் ஈயம் அரித்து உப்பி, பெட்டியையே பிளந்துவிடும். எபாக்ஸி நல்லது.