நாய் தின்ற நீல மாத்திரை

கேள்வி: பள்ளியில் வாராவாரம் தரும் நீல நிற இரும்பு மாத்திரைகளை மகள் தின்னாமல் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். எங்கள் 12 கிலோ நாய் அதில் பதினைந்தைத் தின்றுவிட்டது. இரண்டு முறை வாந்தி எடுத்து, மறுநாள் தெளிந்ததுபோல் இருந்து, பிறகு சுருண்டு படுத்தது. கோயம்புத்தூரில் மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றி மீட்டோம். தலசீமியா (பிறவி ரத்தசோகை) நோயாளிகளுக்குப் போடும் ஊசி கிடைத்திருந்தால் நல்லது என்றார் டாக்டர். அது என்ன ஊசி?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: டெஃபெராக்சமின். ரத்தத்தில் சுற்றும் இரும்பைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும் மருந்து. ‘டெஸ்ஃபெரால்’ என்று கேட்டால் மருந்துக் கடைக்காரருக்கு உடனே புரியும். தெருமுனைக் கடையில் இருக்காது. தலசீமியா சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனையின் மருந்தகத்தில் கேட்க வேண்டும்.

முதலில் கணக்கு. நீல மாத்திரை ஒன்றில் 60 மி.கி. இரும்பு. பதினைந்துக்கு 900 மி.கி., அதாவது கிலோ எடைக்கு 75 மி.கி. கிலோவுக்கு 20-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. 20 முதல் 60 வரை பாதிப்பு வயிறு, குடலோடு நிற்கும். 60-ஐத் தாண்டினால் கல்லீரல் வரை போகும். வாந்தியில் கொஞ்சம் வெளியேறியது உங்கள் நாயின் நல்ல காலம். வேறு மாத்திரை என்றால் அட்டையில் இரும்பு உப்பின் எடையைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இரும்பு, குளுக்கோனேட்டில் 12 சதவீதம்.

இப்போது ஊசி. 100 மி.கி. டெஃபெராக்சமின் சுமார் 8.5 மி.கி. இரும்பைத்தான் பிடிக்கும். 500 மி.கி. குப்பி ஒன்று 42 மி.கி. சொச்சத்தைப் பிடிக்கும். நாய் தின்றதோ 900. அதனால் வயிற்றில் கிடக்கும் மாத்திரையை ஊசியால் சமாளிக்க முடியாது. ஆரம்பத்திலேயே வாந்தி எடுக்க வைத்தோ, வயிற்றைக் கழுவியோ எடுத்தாக வேண்டும். வீட்டில் உப்புக் கரைசல் ஊற்றக் கூடாது. விஷம் என்றதும் நினைவுக்கு வரும் கரி மருந்து இரும்பைப் பிடிக்காது. எக்ஸ்ரேயில் கரையாத மாத்திரைகள் வெள்ளையாகத் தெரியும்; எவ்வளவு மிச்சம் என்று எண்ணிவிடலாம்.

ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரின் தாங்கும் அளவையும் மீறிச் சுற்றும் இரும்புக்குத்தான் இந்த ஊசி. ரத்த இரும்பு 500 மைக்ரோகிராமைத் தாண்டினால் (ஒரு டெசிலிட்டருக்கு) தொடங்குவார்கள். தின்ற 4–6 மணி நேரத்தில், ஊசிக்கு முன்பே, ரத்தம் எடுக்க வேண்டும். மருந்து உள்ளே போனபின் பரிசோதனை எண் பொய் சொல்லும். தசையில் என்றால் கிலோவுக்கு 40 மி.கி., 4 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. உங்கள் நாய்க்கு 480, கிட்டத்தட்ட ஒரு குப்பி. 5 மில்லி ஊசித் தண்ணீரில் கரைப்பது. நரம்பில் என்றால் மணிக்குக் கிலோவுக்கு 15 மி.கி.க்கு மேல் ஓடக் கூடாது. வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். சிறுநீர் செம்பழுப்பாக வந்தால் பயப்பட வேண்டாம், இரும்பு இறங்குகிறது என்று அர்த்தம். சிறுநீரே வராவிட்டால்தான் சிக்கல்: பிடித்த இரும்புக்கு வெளியேற வழி இல்லை. ஆகவே உங்கள் டாக்டர் ஏற்றிய டிரிப்ஸ் சாதாரண வேலை இல்லை. ஊசியை முதல் 12 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.

மறுநாள் தெளிந்தது ஏமாற்று அமைதி. தின்றதிலிருந்து 6 முதல் 24 மணி நேரம் வரை அப்படித்தான் இருக்கும். இன்னும் ஒன்று பாக்கி: 2 முதல் 6 வாரத்துக்குள் வெந்த குடல் தழும்பேறிச் சுருங்கலாம். தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தால் உடனே காட்டுங்கள்.

கேள்வி: உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் குறைந்த நாய்க்கு ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் புரதம்) அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஒருமுறை ரத்தம் ஏற்றியாகிவிட்டது. இரும்பை இறக்க மாத்திரை தரலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: வேண்டாம். அழற்சி இருந்தாலே ஃபெரிட்டின் ஏறும். ஏற்றிய ரத்தத்தில் மில்லிக்கு அரை மி.கி. இரும்பு; ஒருமுறை ஏற்றியதால் கெடுதல் இல்லை. மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றும் நாய்க்குத்தான் இந்தக் கேள்வியே எழும். அதே மூச்சில், இரும்பு டானிக் கொடுத்துக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். உண்ணி பரப்பும் பபீசியா நோயில் ரத்தச் செல் உடைந்தாலும் இரும்பு உடலிலேயே தங்குகிறது. கொக்கிப்புழு ரத்தத்தை வெளியே கொண்டுபோகிறது. டானிக் கொக்கிப்புழு உள்ள நாய்க்குத்தான்.

கேள்வி: நாயின் லிம்ஃபோமாவுக்கு (நிணநீர்ப் புற்றுநோய்) டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து போடுகிறோம். இதயத்தைக் காக்க இரும்பு பிடிக்கும் மருந்து உண்டாமே?
– வாசகர், கம்பம்

பதில்: டெக்ஸ்ராஸாக்ஸேன். செல்லுக்குள் போய் உருமாறி இரும்பைப் பிடிக்கிறது. டாக்ஸோரூபிசின் அளவைப்போல் பத்து மடங்கு, அதற்குச் சற்று முன் நரம்பில். விலை கூடுதல். உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 30 மி.கி. டாக்ஸோரூபிசின் வீதம் ஐந்து டோஸோடு முடிவதானால், முன்பே எடுத்த இதய எக்கோ சரியாக இருந்தால், இது இல்லாமலே பெரும்பாலான நாய்கள் சமாளிக்கும். மொத்தம் சதுர மீட்டருக்கு 180 மி.கி.யைத் தாண்டப்போகிறது என்றால் கேளுங்கள். இதைவிட அவசரம் வேறொன்று: டாக்ஸோரூபிசின் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதை அழுகும். அப்போது இதே டெக்ஸ்ராஸாக்ஸேனை ஆறு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். முதல் டோஸுக்கு முன்பே எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள்.