அபிஷேகமும் காணிக்கைக் கணக்கும்

கேள்வி: வேதாகம ராஜாக்களின் தோல்விகளிலிருந்து இன்றைய சபைத் தலைவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? எங்கள் சபையின் பொதுக்கூட்டத்தில் காணிக்கைக் கணக்கைக் கேட்ட மூப்பர் ஒருவரை, “அபிஷேகம் பெற்றவரைத் தொட்டுவிட்டார்” (கர்த்தர் ஏற்படுத்திய போதகரை எதிர்த்துவிட்டார்) என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். ராஜாவாகிய சவுல் அத்தனை தவறு செய்தும் தாவீது அவன்மேல் கைபோடவில்லையே என்று அதற்குக் காரணம் காட்டுகிறார்கள்.

பதில்: ராஜாக்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நான் அபிஷேகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் சபையில் ஒரு மனிதரின் வாயை அடைக்க எடுத்தாளப்பட்டது அதுதான். “நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்” என்ற வசனம் 105-ம் சங்கீதத்தில் வருகிறது. அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை முந்தின வசனமே சொல்லிவிடுகிறது: “அவர்கள் நிமித்தம் ராஜாக்களைக் கடிந்துகொண்டு.” சொந்த நிலமில்லாமல் பரதேசிகளாய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரை ஆளுகிறவர்கள் ஒடுக்கக் கூடாது என்பதற்காகக் கர்த்தர் இட்ட தடை அது. அதிகாரமுள்ளவனுக்கு எதிராக எளியவனைக் காக்கச் சொல்லப்பட்ட வார்த்தையை, எளியவனுக்கு எதிராக அதிகாரமுள்ளவனைக் காக்கத் திருப்புவதை இந்தப் பக்கத்தில் பலமுறை கண்டித்திருக்கிறேன். மேடைகளில் அது நிற்கும்வரை கண்டித்துக்கொண்டுதான் இருப்பேன்.

தாவீது சவுல்மேல் கைபோடவில்லை என்பது உண்மை. ஆனால் அவன் வாய்மூடியும் இருக்கவில்லை. என்கேதியின் குகையிலிருந்து வெளியே வந்து, முகங்குப்புற விழுந்து வணங்கி, குகைக்குள் சவுலுக்குத் தெரியாமல் அறுத்தெடுத்த அவன் சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக்காட்டி, மூவாயிரம் பேரோடு தன்னைத் தேடிவந்த ராஜாவிடம் அவன் செய்கிற அநியாயத்தை முகத்துக்கு நேராகச் சொன்னான். கணக்குக் கேட்ட உங்கள் மூப்பர் அதற்கு மேல் என்ன செய்துவிட்டார்?

தலைவர்கள் படிக்க வேண்டிய ராஜா சவுல் அல்ல, யூதாவை ஆண்ட யோவாஸ் என்பது என் எண்ணம். அவன் பாட்டியாகிய அத்தாலியாள் ராஜவம்சத்தையே கொன்றுபோட்டபோது, கைக்குழந்தையாயிருந்த அவனை ஆசாரியனாகிய யோய்தாவின் மனைவி எடுத்து, ஆறு வருஷம் ஆலயத்தில் ஒளித்து வளர்த்தாள். ஏழு வயதில் அவனை வெளியே கொண்டுவந்து, “யோய்தாவும் அவன் குமாரரும்” அவனை அபிஷேகம்பண்ணினார்கள் என்று 2 நாளாகமம் 23-ம் அதிகாரம் சொல்லுகிறது. அந்த வீட்டாரின் கைகளிலிருந்துதான் எண்ணெய் அவன் தலையில் வழிந்தது.

இந்த யோவாஸ் நல்ல நிர்வாகியாகவும் இருந்தான். தன் ஆட்சியின் 23-ம் வருஷம்வரை ஆசாரியர்கள் ஆலயத்தைப் பழுதுபார்க்காமலே இருந்தபோது, தன்னை வளர்த்த யோய்தாவையே அழைத்து, ஏன் செய்யவில்லை என்று கேட்டான். யோய்தா கோபித்ததாக எழுதப்படவில்லை. மூடியில் துவாரமிட்ட ஒரு பெட்டி பலிபீடத்துக்கு அருகே வைக்கப்பட்டது. பணம் மிகுதியானபோது ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தனும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். ஒருவராக அல்ல, இருவராக. அதுவும் ஒருவருக்கொருவர் கீழ்ப்பட்டிராத இருவராக. இதைச் சொல்லும் 2 இராஜாக்கள் 12-ம் அதிகாரத்திலேயே, வேலைசெய்தவர்களுக்குக் கொடுக்கும்படி பணத்தைப் பெற்றுக்கொண்ட மனிதர் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை என்று வருகிற வசனத்தை, தணிக்கை வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டும் ஊழியர்கள் இருக்கிறார்கள். அது, பெட்டியின் பணம் இருவர் முன்னிலையில் எண்ணி முடிக்கப்பட்ட பிறகு மேற்பார்வையாளர்களைப் பற்றிச் சொல்லப்பட்டது. பெட்டியைத் திறப்பவர்களைப் பற்றியது அல்ல.

யோய்தா 130 வயதில் மரித்து, ராஜாக்களோடே அடக்கம்பண்ணப்பட்டான். அதன்பின் யூதாவின் பிரபுக்கள் வந்து யோவாசைப் பணிந்துகொண்டார்கள். ராஜா அவர்களுக்குச் செவிகொடுத்தான். அவன் வீழ்ந்தது எதிரியின் படையெடுப்பில் அல்ல, வணங்கியபடி வந்தவர்களின் பேச்சில். ஆலயம் கைவிடப்பட்டு விக்கிரகங்கள் வந்தபோது, யோய்தாவின் மகனாகிய சகரியா எழுந்து நின்று ஜனத்தைக் கடிந்துகொண்டான். ராஜாவின் கட்டளைப்படி ஆலயப் பிராகாரத்திலேயே அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். கொடியவளாகிய அத்தாலியாளைக்கூட ஆலயத்துக்குள் கொல்லக் கூடாது என்று யோய்தா தடுத்திருந்தான். அப்படி அவன் காத்த வளாகத்தில் அவன் மகனின் இரத்தம் விழுந்தது. “கர்த்தர் அதைப் பார்ப்பார், அதைக் கேட்பார்” என்று சொல்லிச் சகரியா மரித்தான்.

விக்கிரகம் யோவாசின் பாவம்தான். ஆனால் திரும்பிவர அவனுக்கு ஒரு வழி மிச்சமிருந்தது. அதைச் சொல்ல வந்தவனைக் கொன்றபோது அதையும் அவனே அடைத்தான். தன்னைக் கடிந்துகொண்ட ஞானதிருஷ்டிக்காரனாகிய அனானியைக் காவலறையில் வைத்த யூதாவின் ராஜா ஆசாவும் இதே தவறைச் செய்தான். பத்சேபாளின் காரியத்தில் தன்னைக் கண்டித்த தீர்க்கதரிசியாகிய நாத்தானின் வார்த்தைக்குத் தாவீது பணிந்தான்; அவன் செய்தது இவர்கள் செய்ததைவிடச் சிறிய பாவமல்ல. யோவாசோ தன் படுக்கையிலேயே தன் ஊழியக்காரரால் கொல்லப்பட்டான். ராஜாக்களின் கல்லறைகளில் அவனை வைக்கவில்லை. அபிஷேகம் அவனுக்கும் இருந்தது.

ஆகவே உங்கள் சபையார் செய்தது சரியல்ல. நீக்கப்பட்ட மூப்பரை இந்த வாரமே அவர் வீட்டில் போய்ச் சந்தியுங்கள். இப்படிப்பட்டவர்களிடம் பேசவே மற்றவர்கள் அஞ்சுவார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர் கேட்ட அதே கேள்வியை, மரியாதையோடு, நீங்கள் எழுந்து கேளுங்கள். காணிக்கைப் பெட்டியைப் போதகரின் குடும்பத்தைச் சேராத இருவர் திறந்து எண்ண வேண்டும் என்ற தீர்மானத்தையும் எழுத்தில் கொடுங்கள்.