நூலகரிடம் கேளுங்கள்: தங்க முத்திரை குத்திய அட்டை

கேள்வி: அம்மா, என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 'சால்ட் டு த ஸீ' என்ற ஆங்கில நாவல் வேண்டுமாம். கார்னகி பதக்கம் வாங்கியது என்கிறாள். கப்பல் மூழ்கிக் கூட்டம் கூட்டமாகச் சாகிற கதை என்று கேள்விப்பட்டேன். பதக்கத்தை நம்பி வாங்கித் தரலாமா?
(ஒரு தாய், சிவகாசி)

பதில்: பதக்கத்தை நம்பி வாங்க வேண்டாம். ஆனால் இந்தப் புத்தகத்தை வாங்குங்கள்.

பள்ளி நூலகத்தில் இருந்தபோது, விருதுப் பட்டியலைப் பார்த்து ஒருமுறை பதினைந்து புத்தகம் வரவழைத்தேன். இரண்டு வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், நாலைந்து புத்தகங்களின் கடைசிப் பக்கத்துத் தேதிச் சீட்டில் ஒரு முத்திரைகூட விழவில்லை. அன்றிலிருந்து எனக்கு அந்தச் சீட்டுதான் விமர்சனம்.

கார்னகியை மட்டும் கொஞ்சம் மதிப்பேன். சிறுவர், இளையோர் புத்தகங்களுக்காக 1936இல் தொடங்கிய பிரிட்டிஷ் விருது அது. நடுவர்கள் பேராசிரியர்கள் அல்ல, சிறுவர் நூலகர்கள். (சரி, என் சாதிப் பற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) இறுதிப் பட்டியல் வந்ததும் பள்ளிப் பிள்ளைகள் குழுக்குழுவாக அதே புத்தகங்களைப் படித்து நடுவர்களோடு மல்லுக்கு நிற்பார்கள். ரூட்டா செபெட்டிஸ் எழுதிய இந்த நாவல் வென்றது 2017இல்.

கதைக்கு அடியில் இருப்பது உண்மைச் சம்பவம். 1945 ஜனவரி 30 இரவு, பால்டிக் கடலில் வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப் என்ற ஜெர்மன் கப்பலை சோவியத் நீர்மூழ்கி எஸ்-13 மூன்று டார்பிடோவால் அடித்தது. சுமார் 2,000 பேருக்காகக் கட்டிய கப்பல். சோவியத் படைக்குப் பயந்து ஓடிவந்த அகதிகளும் படையாட்களுமாக அன்று ஏறியவர்கள் 10,000 பேருக்கு மேல் என்கிறார்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் மூழ்கிவிட்டது. இறந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர், அதில் பெரும்பகுதி குழந்தைகள். டைட்டானிக்கில் இறந்தவர்கள் 1,500 பேர்தான். டைட்டானிக்கைத் தெரியாத பிள்ளை நம்மூரில் உண்டா? குஸ்ட்லோஃபை எனக்கே அறுபது வயதுக்கு மேல்தான் தெரியும். போர் முடிந்தபின் ஜெர்மானியர் பட்ட பாட்டைப் பேச யாருக்கு வாய் வரும்? செபெட்டிஸின் தந்தை லித்துவேனிய அகதி. அந்தத் தந்தையின் உறவினர் ஒருவருக்கு இதே கப்பலில் இடம் கிடைத்திருந்தும் அவர் அதில் போகவில்லை.

நான்கு பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். அத்தியாயம் ஒரு பக்கம், இரண்டு பக்கம்தான், பிள்ளைகள் வேகமாகப் படித்து முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த பாத்திரம், பிடிக்கவே கூடாத ஆல்ஃபிரட். நாஜிக் கடற்படைப் பையன், ஊரில் இருக்கும் பெண்ணுக்கு மனசுக்குள்ளேயே கடிதம் எழுதிக்கொண்டிருப்பான். முதலில் சிரிப்பு வரும், போகப்போக வயிற்றைப் பிசையும். நாஜிகள் ரஷ்ய அரண்மனையிலிருந்து திருடிய, அம்பர் பதித்த அறையைத் துரத்தும் கிளைக்கதை எனக்கு ஒட்டவில்லை.

உங்களுக்கு ஒரு எச்சரிக்கை. எமிலியா என்ற பதினைந்து வயதுப் போலந்துப் பெண் கர்ப்பமாக இருக்கிறாள். அது எப்படி என்பது மெதுவாகத்தான் தெரியவரும். ஆகவே முதலில் நீங்கள் படித்துவிடுங்கள், அப்புறம் மகளிடம் கொடுங்கள். அவள் ஏதாவது கேட்டால் விழிக்காமல் பதில் சொல்லலாம்.

கேள்வி: வெளிநாட்டு நாவல்களின் பின்னட்டையில் 'கர்கஸ், நட்சத்திர விமர்சனம்' என்று போடுகிறார்களே, எத்தனை நட்சத்திரத்துக்கு எத்தனை?
(கல்லூரி மாணவன், திருநெல்வேலி)

பதில்: ஐந்துக்கு மூன்று என்ற கணக்கே இல்லை, தம்பி. ஒன்று உண்டு, அல்லது இல்லை. கர்கஸ் என்பது 1933இல் அமெரிக்காவில் தொடங்கிய புத்தக விமர்சன இதழ். புத்தகம் கடைக்கு வருமுன்பே ஒரு பத்தி, இரண்டு பத்தியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எழுதியவர் பெயர் இருக்காது. நூலகர்களும் கடைக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் எத்தனை பிரதி வாங்குவது என்று முடிவு செய்வார்கள். சொந்தமாகப் பதிப்பிப்பவர்கள் காசு கட்டி விமர்சனம் வாங்கும் தனிப்பிரிவும் அங்கே உண்டு. அதனால் அது எந்தப் பிரிவு விமர்சனம் என்றும் பார்த்துக்கொள்.

கேள்வி: 1801 பாஞ்சாலங்குறிச்சிப் போரை ஒரு பதினைந்து வயதுப் பையன் சொல்வதுபோல் நாவல் எழுதியிருக்கிறேன். 'இளையோர் நாவல்' என்று போட்டால் விருதுக்கு வசதியா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓட்டப்பிடாரம்)

பதில்: ஐயா, அந்தப் பெயர் பெரும்பாலும் பதிப்பாளர் ஒட்டுவது. மார்கஸ் ஸுஸாக்கின் 'த புக் தீஃப்' 2005இல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்கள் நாவலாக வந்தது. அமெரிக்காவில் இளையோர் நாவல் என்று போட்டார்கள், 2007இல் அங்கே இளையோர் நூல்களுக்குத் தரும் பிரின்ட்ஸ் விருதுக் குழுவின் சிறப்புத் தேர்வில் இடம்பிடித்தது. புத்தகம் ஒன்றுதான், அலமாரிதான் வேறு. தமிழில் சாகித்ய அகாதெமியின் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் 2010 முதல் இருக்கிறது. தொகை 50,000 ரூபாய். ஆனால் இளையோருக்கென்று தனிப் பிரிவு கிடையாது.

அதனால் விருதை விடுங்கள். நீங்கள் அனுப்பிய முதல் அத்தியாயத்தில் போரின் பின்னணியே ஆறு பக்கம் ஓடுகிறது. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்ததும், இடித்துத் தள்ளிய மண்கோட்டையைச் சில நாட்களிலேயே ஊரார் மறுபடி எழுப்பினார்களே, அப்போது உங்கள் பையன் மண் சுமந்தானா? எவ்வளவு சுமந்தான், யார் பக்கத்தில் நின்றார்கள்? அந்த இடத்திலிருந்து தொடங்கி எழுதி மறுபடி அனுப்புங்கள். என் பேத்திக்கும் பதினைந்து வயதுதான், அவளிடம் கொடுத்துப் பார்க்கிறேன்.